தினமும் நடக்கும் தெருவில் பார்க்க என்ன இருக்கிறது?

வழிப்போக்கன்:

இங்கே பலர் நடக்கும்போது கண்ணில் பட்டதைப் படம் எடுத்துப் போடுகிறீர்கள். ஜன்னல் கம்பியின் வளைவு, சாக்கடை மூடி, பாதி அழிந்த விளம்பரம், யாரோ ஒட்டிவிட்டுப் போன சின்ன மொசைக். பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அலுவலகத்துக்குப் போகும் என் வழியில் எனக்கு ஒன்றுமே தட்டுப்படுவதில்லை. கட்டடம், கடை, கம்பம், வண்டி, மறுபடியும் கட்டடம். சுவரோவியம் என்றால் அது கலை, அது புரிகிறது. ஒரு பெஞ்சையோ சிக்னலையோ பார்த்து "அடடா, என்ன வடிவமைப்பு!" என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்பதுதான் பிடிபடவில்லை. நான் ஓவியமும் படிக்கவில்லை, கட்டடக் கலையும் படிக்கவில்லை, கணக்கு வழக்கு பார்க்கிற ஆள்.

எங்கே பார்க்க வேண்டும், என்ன கேட்டுக்கொண்டு பார்க்க வேண்டும் என்று யாராவது சொல்லுங்கள். அப்புறம் இன்னொன்று. படம் எடுத்த பிறகு என்ன செய்வது? சும்மா போனில் சேர்ந்துகொண்டே போனால் நான் திரும்பிப் பார்க்கப் போவதில்லை, அது எனக்கே தெரியும்.

சுவர்க்கோழி:

முதலில் அழகைத் தேடுவதை விடுங்கள். அழகைத் தேடி நடந்தால் சுவரோவியம் மட்டும்தான் கிடைக்கும். ஒரு பொருளைப் பார்த்து "இது ஏன் இப்படி இருக்கிறது, வேறு மாதிரி இருந்தால் என்ன ஆகும்" என்று கேட்டுப் பாருங்கள். அதற்குப் படிப்பு வேண்டாம், கணக்கு பார்க்கிறவருக்கு இது இன்னும் சுலபம்.

காலடியிலிருந்தே ஆரம்பியுங்கள். பாதாளச் சாக்கடை மூடி ஏன் பெரும்பாலும் வட்டமாக இருக்கிறது? சதுரமாக இருந்தால் அதன் மூலைவிட்டம் பக்கத்தைவிடக் கிட்டத்தட்ட 1.4 மடங்கு நீளம், அதனால் கொஞ்சம் திருப்பிச் சாய்த்தால் மூடி அதன் குழிக்குள்ளேயே விழுந்துவிடும். வட்டத்தை எப்படித் திருப்பினாலும் அகலம் ஒன்றுதான், விளிம்பு அதைத் தாங்கிக்கொள்ளும். கனமான இரும்பைத் தூக்காமல் உருட்டிக்கொண்டு போகலாம் என்பது கூடுதல் வசதி. மேலே இருக்கும் கட்டங்களும் கோடுகளும் ஈரத்தில் சக்கரமும் காலும் வழுக்காமல் இருப்பதற்காக வந்தவை. எப்படியும் ஒரு வடிவம் வார்க்கத்தானே போகிறோம், நல்லதாகவே வார்ப்போம் என்று யாரோ நினைத்த இடத்தில்தான் கலை நுழைகிறது. ஜப்பானில் 1980களிலிருந்து ஊருக்கு ஊர் தனி மூடி வைத்துக்கொள்ளும் பழக்கம் பரவியது. கோட்டை, பூ, மீன், தீயணைப்பு வீரர் என்று வண்ணம் வேறு பூசியிருப்பார்கள். 2016 முதல் அந்த மூடிகளுக்கான அட்டைகளே வெளியிடுகிறார்கள், மக்கள் அதைப் பெறுவதற்காகவே ஊர் ஊராகப் போகிறார்கள்.

அடுத்தது நடைபாதையிலும் ரயில் நிலையத்திலும் இருக்கும் மஞ்சள் டைல்ஸ். நிறைய பேர் இதை அலங்காரம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பார்வையற்றவர்கள் காலாலும் கோலாலும் படிக்கும் எழுத்து அது. நீளக் கோடுகள் இருந்தால் அந்தத் திசையில் போகலாம். புள்ளி புள்ளியாக இருந்தால் நில், முன்னே படியோ சாலையோ தண்டவாளமோ இருக்கிறது. 1965இல் செய்ச்சி மியாகே என்ற ஜப்பானியர் உருவாக்கியது, 1967இல் ஒகயாமா நகரில் பார்வையற்றோர் பள்ளிக்கு அருகே முதலில் பதித்தார்கள். மஞ்சள் நிறத்துக்கும் காரணம் உண்டு, பார்வை முழுவதும் போகாதவர்களுக்குச் சாம்பல் தரையில் அது பளிச்சென்று தெரியும்.

இப்போது இதைத் தெரிந்துகொண்டு நாளை உங்கள் வழியில் நடந்து பாருங்கள். கோட்டு டைல்ஸ் எங்கே கொண்டு போய் விடுகிறது? நேராக ஒரு மின்கம்பத்தில் முட்டுகிறதா? புள்ளி வர வேண்டிய இடத்தில் கோடு வந்திருக்கிறதா? பதித்தவருக்கு அது அலங்காரமாகத்தான் தெரிந்தது என்பது அந்த இடத்திலேயே புரிந்துவிடும்.

பூ வேலைப்பாடுதான் வேண்டுமென்றாலும் தரையில் அதுவும் உண்டு. பார்சிலோனாவில் பஸ்ஸேஜ் டி கிராசியா என்ற பெரிய சாலையின் நடைபாதையில் கட்டடக் கலைஞர் கௌதி வடிவமைத்த அறுகோணக் கல் இருக்கிறது. கடல் உயிரினங்கள்தான் சித்திரம், ஆனால் ஒரு கல்லில் எதுவுமே முழுதாக இருக்காது. ஏழு கற்கள் சேர்ந்தால்தான் சித்திரம் முடியும். நடக்கிற யாரும் குனிந்து எண்ணிக்கொண்டிருக்கப் போவதில்லை.

பரண்மேல்:

எல்லோரும் கீழே பார் கீழே பார் என்கிறீர்கள். மேலேயும் பாருங்கள். கடை மாறும்போதெல்லாம் தரைத்தளத்தை மட்டும் இடித்துக் கண்ணாடி போட்டுப் பளபளப்பாக்கிவிடுவார்கள், முதல் மாடிக்கு மேலே காசு செலவு செய்ய யாருக்கும் மனம் வராது. அதனால் ஒரு பழைய கட்டடத்தின் உண்மையான வயது கடை போர்டுக்கு மேலேதான் இருக்கும். கைப்பிடிச் சுவரில் ஆண்டு பொறித்திருக்கும், ஜன்னலுக்கு மேல் வளைவு இருக்கும்.

பழைய செங்கல் கட்டடங்களின் சுவரில் நட்சத்திரம் மாதிரியோ எஸ் எழுத்து மாதிரியோ இரும்புத் தகடு தெரிந்தால் அலங்காரம் என்று விட்டுவிடாதீர்கள். உள்ளே கட்டடத்தின் குறுக்கே ஓர் இரும்புக் கம்பி போகிறது, சுவர் வெளியே பிதுங்காமல் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறது, அந்தக் கம்பியின் முனையில் போட்ட வில்லைதான் அது. முன்பக்கம் நட்சத்திரமும் பின்பக்கம் வெறும் சதுரத் தகடும் போட்ட கட்டடங்களும் உண்டு. தெருவில் போகிறவருக்கு ஒரு முகம், பின்வீட்டுக்காரருக்கு இன்னொரு முகம்!

அச்சாணி:

என் வியாதி எழுத்து, அதனால் அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஒரு கடையின் பெயர்ப்பலகை கையால் எழுதியதா, கணினியில் அடித்ததா என்று சந்தேகம் வந்தால் ஒரே எழுத்து இரண்டு முறை வரும் இடத்தைத் தேடுங்கள். இரண்டு 'க' அச்சு அசலாக ஒன்றாக இருந்தால் கணினி. ஒன்றின் வால் சற்று நீண்டு மற்றதன் வயிறு சற்றுக் குறுகியிருந்தால் அங்கே ஒரு பெயின்டர் இடத்தைக் கணக்குப் போட்டு எழுதியிருக்கிறார். வரி முடியும் இடத்தையும் பாருங்கள், கடைசி எழுத்துகள் கொஞ்சம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். எனக்கு அந்த நெருக்கம் ரொம்பப் பிடிக்கும், வினைல் போர்டில் அது கிடைக்கவே கிடைக்காது.

சுவரில் வண்ணத்தால் எழுதிய பழைய விளம்பரங்கள் பல நகரங்களில் கம்பெனி மூடிய பின்னும் நிற்கின்றன. அந்தக் காலத்துப் பெயின்ட்டில் ஈயம் இருந்தது, செங்கல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. சுவர் நனைந்திருக்கும்போது மங்கிய எழுத்து தெளிவாகத் தெரியும், மழை விட்டதும் போய்ப் பாருங்கள்.

அரசாங்கம் வைக்கும் போர்டிலும் கதை இருக்கிறது. பிரிட்டனில் சாலைப் பலகைகளை ஜாக் கின்னியரும் மார்கரெட் கால்வர்ட்டும் மறுபடி முதலிலிருந்து வடிவமைத்தார்கள், 1965இல் அது நடைமுறைக்கு வந்தது. ஊர்ப் பெயரை முழுக்க ஆங்கிலப் பெரிய எழுத்தில் (கேப்பிடல்) எழுதாமல் முதல் எழுத்தை மட்டும் பெரிதாக வைத்து மற்றதைச் சிறிய எழுத்தில் எழுதினார்கள். வேகமாக வருகிறவர் ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படிப்பதில்லை, சொல்லின் மேடுபள்ளத்தை வைத்தே அடையாளம் கண்டுகொள்கிறார், முழுக்கப் பெரிய எழுத்தானால் எல்லா ஊரும் ஒரே நீளச் செவ்வகமாகிவிடும் என்பது அவர்கள் கணக்கு. பள்ளிப் பிள்ளைகள் கடக்கும் இடத்துக்கான பலகையில் முன்பு பையன் முன்னால் போவான், பெண் பின்னால் வருவாள். கால்வர்ட் அதை மாற்றிப் பெண் பிள்ளையைத் தம்பி கையைப் பிடித்து அழைத்துப் போகிறவளாக வரைந்தார். அந்தப் பெண் அவரேதான் என்று சொல்லியிருக்கிறார்.

லண்டன் சுரங்க ரயில் வரைபடம் தெரிந்திருக்கும். ஹாரி பெக் மின்சுற்று வரைந்து பழகியவர், 1931இல் கோடுகளை நேராகவும் 45 பாகையிலும் மட்டும் போட்டு வரைந்து காட்டினார். உண்மையான தூரத்தைத் தூக்கி எறிந்துவிட்டார், பூமிக்கு அடியில் போகிறவனுக்கு எங்கே ஏறி எங்கே மாற வேண்டும் என்பது போதும் என்று. 1933இல் மக்கள் கைக்கு வந்தது. இன்று உலகின் பெரும்பாலான மெட்ரோ படங்களில் அந்த மூளைதான்.

அப்புறம் பச்சை நிறத்தில் கதவு வழியே ஓடும் மனிதன். ஜப்பானில் 1972, 1973இல் இரண்டு பெரிய கடைக் கட்டடங்களில் தீப்பிடித்து ஏராளமானோர் இறந்தார்கள். வெளியேறும் வழியை எல்லோருக்கும் புரிகிற மாதிரி காட்ட வேண்டும் என்ற பேச்சு அதன் பிறகு வலுத்தது. யுகியோ ஓட்டா வரைந்த அந்த ஓட்டக்காரர் 1980களில் பன்னாட்டுத் தரத்துக்குள் போய்விட்டார். நீங்கள் வேலை செய்யும் கட்டடத்திலேயே அவர் இருக்கலாம், போய்ப் பாருங்கள்.

தட்டுமுட்டு:

சாலை கடக்கிறவர்களுக்கான சிக்னல் விளக்கில் தெரியும் மனிதனை விட்டுவிட்டீர்களே! கிழக்கு பெர்லினில் 1961இல் கார்ல் பெக்லாவ் என்ற போக்குவரத்து உளவியலாளர் வரைந்தவன் தொப்பி போட்டிருப்பான், பெரிய எட்டு வைத்து நடப்பான். உருவம் தடிமனாக இருந்தால் விளக்கின் வெளிச்சம் கூடுதலாக வெளியே வரும், தூரத்திலிருந்தும் தெரியும். ஜெர்மனி ஒன்றுசேர்ந்த பிறகு அவனை எடுத்துவிட்டு மேற்கத்திய மனிதனைப் போடப் பார்த்தார்கள், மக்கள் சண்டை போட்டுத் தடுத்தார்கள். இப்போது மேற்கு பெர்லினிலும் அவன்தான் நிற்கிறான். தைபேயில் 1999 முதல் பச்சை மனிதன் நிஜமாகவே நடக்கிறான், நேரம் முடியப் போகும்போது ஓட்டம் பிடிக்கிறான்.

மூன்றாம்பிறை:

நல்ல தகவல்கள்தான், ஆனால் தெருவில் இருப்பதையெல்லாம் பார்த்துப் புல்லரித்துக்கொண்டே நடந்தால் பாதிதான் பார்த்த மாதிரி. யாரையோ விரட்டுவதற்காகவே வடிவமைத்த பொருளும் அங்கேயே இருக்கிறது. பெஞ்சின் நடுவில் ஒரு இரும்பு வளைவு வைத்திருப்பார்கள், உட்காரலாம், படுக்க முடியாது. கடை வாசல் திண்டில் கூர்முனைகள். பேருந்து நிறுத்தத்தில் இருக்கைக்குப் பதில் சாய்ந்து நிற்க ஒரு குழாய். லண்டனின் கேம்டன் பகுதிக்காக 2012இல் ஒரு கான்கிரீட் பெஞ்ச் செய்தார்கள், எந்தப் பக்கமும் சமதளம் கிடையாது, எல்லாம் சரிவு. தூங்க முடியாது, ஸ்கேட்போர்டு ஏற்ற முடியாது, பெயின்ட் ஒட்டாது, போதைப்பொருள் ஒளித்து வைக்க இடுக்கு இல்லை. வடிவமைப்பு என்ற வகையில் அவ்வளவு துல்லியமான பொருளை நான் பார்த்ததில்லை, அதனால்தான் அது எரிச்சலூட்டுகிறது.

1970களில் வில்லியம் வைட் என்பவர் நியூயார்க்கின் சதுக்கங்களில் கேமரா வைத்து, மக்கள் என்ன செய்கிறார்கள் என்று பொறுமையாகப் பார்த்தார். சில சதுக்கங்கள் ஏன் நிறைந்திருக்கின்றன, சில ஏன் காலியாகக் கிடக்கின்றன? பெரிய தத்துவம் எதுவும் இல்லை, உட்கார இடம் இருக்கும் இடத்தில் மக்கள் உட்கார்ந்தார்கள். நகர்த்தக்கூடிய நாற்காலி போட்டால் உட்காருவதற்கு முன் அதை லேசாக நகர்த்திவிட்டுத்தான் உட்காருகிறார்கள், சில சமயம் நகர்த்தி நகர்த்திப் பழைய இடத்துக்கே கொண்டு வந்துவிடுகிறார்கள் என்பதையும் கவனித்தார். அதனால் வழிப்போக்கன், பெஞ்சை மட்டும் படமெடுக்காதீர்கள். பத்து நிமிடம் ஓரமாக நின்று யார் உட்காருகிறார்கள், எவ்வளவு நேரம், யார் உட்காராமலே போகிறார்கள் என்று பாருங்கள்.

சுவர்க்கோழி:

மூன்றாம்பிறை சொல்வது சரிதான், ஆனால் பெஞ்சின் கைப்பிடியை எல்லாம் ஒரே கணக்கில் எழுத வேண்டாம். முழங்கால் வலியுள்ள வயதானவர் எழுந்திருக்க ஊன்றுவதற்கு ஒரு கைப்பிடி வேண்டும். கேள்வி அது எங்கே இருக்கிறது என்பதில். ஓரத்தில் இருந்தால் உதவி, நட்டநடுவில் ஊன்றவும் முடியாத உயரத்தில் இருந்தால் விரட்டுவதற்கு.

எதிர்ப்பக்க உதாரணமும் இருக்கிறது. நடைபாதை முடியும் இடத்தில் விளிம்பைச் சரிவாக இறக்கியிருப்பார்கள். அமெரிக்காவில் பெர்க்லியில் 1970களின் தொடக்கத்தில் சக்கர நாற்காலியில் இருந்தவர்கள் கேட்டுப் போராடிப் பெற்றது. இன்று குழந்தை வண்டி தள்ளும் அம்மாவும், பெட்டி இழுக்கிறவரும், சரக்கு இறக்குகிறவரும் அதில்தான் இறங்குகிறார்கள், யாருக்காக வந்தது என்று தெரியாமலே.

மூன்றாம்பிறை:

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நடுவில் வைத்துவிட்டு "வயதானவர்களுக்காக" என்று அறிக்கை விடுவார்கள், அதையும் பார்த்திருக்கிறோம்.

வழிப்போக்கன்:

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. இன்று போகும்போது பார்த்தேன். பூங்கா ஓரத்தில் கல் பதித்த அழகான வளைவுப் பாதை இருக்கிறது, யாரும் அதில் நடக்கவில்லை. புல்லின் குறுக்கே மண் தெரியத் தேய்ந்த ஒற்றையடிப் பாதை ஒன்று போகிறது, எல்லோரும் அதில்தான். இதுவும் இந்தக் கணக்கில் சேருமா? யாரும் வடிவமைக்கவில்லையே. இன்னொன்று, இது எல்லாமே பொருள், பயன் என்று இருக்கிறது. கலை என்று தனியாக எதையும் பார்க்க வேண்டாமா?

பழங்கணக்கு:

ஒற்றையடிப் பாதை கட்டாயம் சேரும். அந்த வளைவுப் பாதையை வரைந்தவருக்கு மக்கள் காலால் எழுதிக் கொடுத்த பதில் அது. அங்கே வேலி போட்டு மறிக்கிறார்களா, கல் பதித்து ஏற்றுக்கொள்கிறார்களா என்று விடாமல் பாருங்கள், நிர்வாகத்தின் குணம் அதில் தெரிந்துவிடும்.

கலைக்கு வருகிறேன். ஸ்டாக்ஹோம் மெட்ரோவில் நூறு நிலையங்களில் தொண்ணூறுக்கு மேல் கலைப்படைப்புகள் இருக்கின்றன, 1957இலிருந்து வைத்துக்கொண்டே வருகிறார்கள். மைய நிலையத்தில் நீல வழித்தடத்தின் நடைமேடைக்கு இறங்கினால் குடைந்த பாறை மேலேயே நீலக் கொடிகள் படர்ந்திருக்கும், பெர் ஒலோஃப் உல்ட்வெட் 1975இல் செய்தது. எல்லோரும் படமெடுப்பது அந்தக் கொடிகளை. அதே இடத்தில் ஒரு பகுதியில் நீல நிழலுருவங்கள் இருக்கின்றன. அந்த நிலையத்தைக் கட்டிய தொழிலாளர்கள் அவர்கள், வெல்டர், தச்சர் என்று. எந்த நகரத்துக் கல்வெட்டிலும் திறந்து வைத்தவர் பெயர் இருக்கும், கட்டியவர் இருக்க மாட்டார்.

ஜெர்மனியிலும் ஐரோப்பாவின் வேறு பல நகரங்களிலும் நடைபாதைக் கற்களுக்கு நடுவே உள்ளங்கை அளவில் பித்தளை பதித்த கல் ஒன்று இருக்கும். நாஜிகள் இழுத்துச் சென்றவர் கடைசியாக விரும்பி வாழ்ந்த வீட்டு வாசல் அது. பெயர், பிறந்த ஆண்டு, என்ன ஆனார் என்ற விவரம், அவ்வளவுதான். குந்தர் டெம்னிக் என்ற கலைஞர் 1990களில் தொடங்கினார், 2023இல் ஒரு லட்சத்தைத் தாண்டியது. அவ்வளவு சின்ன எழுத்தைப் படிக்க வேண்டுமென்றால் குனிந்தாக வேண்டும். இதில் கலை எது, பொருள் எது என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை. பாரிஸின் பச்சை நிறக் குடிநீர் ஊற்றுகளும் அப்படித்தான். 1870-71இல் பிரஷ்யப் படை நகரத்தை முற்றுகையிட்டபோது அதன் குடிநீர் ஏற்பாடு சீர்குலைந்த பிறகு ரிச்சர்ட் வாலஸ் என்ற பணக்காரர் தன் செலவில் 1872இல் வைக்கத் தொடங்கினார். நான்கு பெண்கள் கூரையைத் தாங்கி நிற்கும் சிற்பம், அதற்குள்ளிருந்து தண்ணீர், இன்றும் குடிக்கிறார்கள்.

படம் எடுத்த பிறகு என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள், அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. என் வழக்கம் இது: படத்துக்குக் கீழே ஒரே ஒரு கேள்வி எழுதி வைப்பேன், பதில் இல்லாவிட்டாலும். "இந்த மூடியில் இருக்கும் எழுத்து எந்த வார்ப்பு ஆலையுடையது?" "இந்தத் தூணில் ஏன் இவ்வளவு உயரத்தில் ஒரு வளையம்?" அந்த மாதிரி. எல்லாவற்றையும் சேர்க்காதீர்கள், ஒரே ஒரு பொருளைப் பிடித்துக்கொள்ளுங்கள். தபால் பெட்டி என்றால் தபால் பெட்டி மட்டும். பிரிட்டனில் தபால் பெட்டியில் பொறித்திருக்கும் அரச முத்திரை எழுத்துகளை வைத்தே அது யார் காலத்தில் வார்த்தது என்று சொல்லிவிடலாம், அதைத் தேடியே அலைகிறவர்கள் உண்டு. ஒன்றை மட்டும் பார்த்துக்கொண்டே போனால்தான் வித்தியாசம் கண்ணில் படத் தொடங்கும். முடிந்தால் போனை உள்ளே வைத்துவிட்டுப் பென்சிலால் வரையுங்கள், கோணலாக வந்தாலும் பரவாயில்லை. போனுக்கு அரை நொடி போதும், அதற்குள் எதையும் பார்த்திருக்க மாட்டீர்கள். வரைய உட்கார்ந்தால் அந்த வளையத்தில் எத்தனை திருகாணி என்று எண்ணியாக வேண்டும். கேள்வி நிறையச் சேர்ந்த பிறகு நூலகத்தில் பழைய தெருப் படங்களும் வரைபடங்களும் கேளுங்கள், அங்கே பாதிக்கு விடை கிடைக்கும்.

வழிப்போக்கன்:

சரி, அப்போது சாக்கடை மூடியிலிருந்தே தொடங்குகிறேன், என் வழியில் குறைந்தபட்சம் அது நிறைய இருக்கிறது. வரையவும் பார்க்கிறேன். மூடியைப் படமெடுத்தால் சாம்பல் வட்டமாக மட்டும் தெரிகிறதே, எழுத்து விழ மாட்டேன் என்கிறது, அதற்கு ஏதாவது வழி உண்டா?

தட்டுமுட்டு:

உச்சி வெயிலில் எடுத்திருப்பீர்கள். காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும்போது எடுத்தால் மேடு ஒவ்வொன்றுக்கும் நிழல் விழும், எழுத்து தானாக எழுந்து நிற்கும். சூரியனுக்கு முதுகு காட்டி நின்றால் உங்கள் நிழலே மூடிமேல் விழும், பக்கவாட்டில் நில்லுங்கள். அப்படியும் படிக்க முடியாத பழைய மூடிக்குமேல் மெல்லிய காகிதம் போட்டுப் பென்சிலைப் படுக்க வைத்துத் தேயுங்கள், படத்தைவிட அது நன்றாக வரும். இதெல்லாம் நடைபாதையில் இருக்கும் மூடிக்கு மட்டும், சாலை நடுவில் இருப்பதை ஓரத்திலிருந்தே பார்த்துவிட்டுப் போய்விடுங்கள்.